சீட்டில் ஒன்பது டன்

இருசப்பனைப் பற்றி மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காற்றைக் குறைத்து அடித்து ஒரு டிரைவரைக் கொன்றவன் என்பார்கள். அந்த ஒரு வரி எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காக என்னை நியாயவான் என்று யாரும் தூக்கி வைக்க வேண்டாம். பொறுக்காததற்குக் காரணம் வேறு, அதை வரும் இடத்தில் சொல்கிறேன்.

என் பெயர் நடராசன். திண்டிவனம் ரோடு வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த எடைமேடையில் கிளார்க். உப்பு ஏற்றிய லாரி மேடை மேல் ஏறி நிற்கும். நான் கூண்டுக்குள் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு எழுதுவேன். எனக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், இருசப்பனின் பஞ்சர் கடை. பதினான்கு வருடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கட்டிய பெண்டாட்டி முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டோம்.

இருசப்பனுக்குச் சொந்த ஊர் முருக்கேரிப் பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற மானாவாரி விவசாயி. மழை ஏமாற்றிய ஒரு வருடம் இவன் வீட்டை விட்டுக் கிளம்பித் திண்டிவனத்தில் ஒரு டயர் கடையில் சேர்ந்தான். அங்கேதான் அவன் காது போயிற்று. பெரிய லாரி டயரை ரிம்மில் பிடித்து வைக்க ஓர் இரும்பு வளையம் உண்டு, லாக் ரிங் என்பார்கள். அது சரியாக உட்காராமல் காற்று அடித்தால் வெடித்துக்கொண்டு கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பியது அவன் தாடையைக் கிழித்து, வலது காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்தது. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை, மற்றதும் அரைகுறைதான்.

"ரெண்டு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தா கொளஞ்சி வேற எவனுக்கோ சோறாக்கிட்டு இருந்திருப்பா," என்பான். கொளஞ்சியம்மாள் அவன் மனைவி, உப்பளத்தில் கூலி வேலை. "அந்த எவனோ கொஞ்சம் கம்மியா பேசுறவனா இருந்திருப்பான்," என்பாள் அவள்.

அந்த விபத்துக்குப் பிறகு அவனுக்குக் காற்றின் மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது. அடிக்கடி சொல்வான்: "ரப்பர்தான் வண்டிய தாங்குதுன்னு நெனைக்கிறானுங்க. ரப்பர் சும்மா பைதான்பா. தாங்குறது காத்து."

எங்கள் ஊர் லாரிகளுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. உப்பளத்துக்குள் போய் வரும் வண்டிப்பாதை வெறும் களிமண். மேலே காய்ந்த மாதிரி தெரியும், கீழே இளகிக் கிடக்கும். காற்று இறுக நிரம்பிய டயர் அதில் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் டிரைவர்கள் உள்ளே போகும்போது டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். டயர் சப்பையாகிப் பரந்து நிற்கும், புதையாமல் நகரும். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் சப்பை டயரோடே ஆடி அசைந்து ரோட்டுக்கு வருவார்கள். வந்ததும் முதலில் என் மேடை, அடுத்தது இருசப்பனின் கம்ப்ரசர். அங்கே நிரப்பாமல் ஒரு வண்டியும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ கிளம்ப முடியாது.

எவ்வளவு நிரப்புவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வேறு கடைக்காரன் எந்த வண்டி வந்தாலும் நூறு பவுண்டு அடித்துவிட்டுக் கையை நீட்டுவான். இருசப்பன் அப்படி இல்லை. எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், உச்சி வெயில் அடிக்கும்போது வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று கேட்பான். பிறகு டயரில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். சூடாக இருந்தால் ஹோசைக் கீழே போட்டுவிடுவான்.

"போய் டீ குடிச்சிட்டு வா. சூட்டுல கேஜ் பொய் சொல்லும். நூறுன்னு காட்டும், ஆறினா எண்பத்தஞ்சுதான் இருக்கும்."

டிரைவர்கள் செவிடன், கிறுக்கன் என்று திட்டுவார்கள். அவன் கேட்காத காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு பீடி பற்ற வைப்பான். கோடை வந்துவிட்டால் இன்னொரு சண்டை. வெயிலில் காற்று விரியும், அதனால் குறைத்து அடி என்பார்கள் டிரைவர்கள். அவர்களுக்கு அது பரம்பரை நம்பிக்கை. அப்போது மட்டும் இருசப்பனுக்குக் கோபம் வரும்.

"கம்மியா இருந்தாதான்டா வெடிக்கும். காத்து கொறஞ்சா டயரு ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சி வளைஞ்சி நிமிருது. ஒரு கம்பிய எடுத்து இப்படியும் அப்படியும் வளைச்சிப் பாரு, கை சுடுதா இல்லியா? அதேதான். நாலு மணி நேரம் ஓடினா உள்ள நூலெல்லாம் வெந்துடும்."

பாரம் அளவுக்கு மீறி இருந்தால் காற்றே அடிக்க மாட்டான். காற்றுக்கும் ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் மூட்டையைத்தான் இறக்க வேண்டும் என்பான். இருபத்தைந்து மூட்டை, முப்பது மூட்டை என்று இறக்க வைத்த பிறகே ஹோசைக் கையில் எடுப்பான். உப்பளத்து முதலாளிகள் அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர்கள் வண்டிகள் அவனிடமே வந்தன. அவன் காற்றடித்து அனுப்பிய வண்டி நடுரோட்டில் படுத்தது என்று ஒரு தகவல்கூட வந்ததில்லை.

இனி என் தொழிலின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். என் மேடையில் ஒரு வண்டிக்கு இரண்டு எடை. ரோட்டில் சோதனைக்கு நிறுத்துகிறவர்களிடம் காட்டுகிற சீட்டில், அனுமதித்த அளவான ஒன்பது டன் இருக்கும். உண்மை எடை பதினொன்றோ பன்னிரண்டோ. அதை முதலாளிக்கு மட்டும் தனியாகச் சொல்வேன். என் முதலாளி சொன்னபடி நான் செய்தேன், எல்லா மேடையிலும் அப்படித்தான் செய்தார்கள் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

சீட்டைப் பார்த்துக் காற்றடித்தால் கதை கந்தலாகிவிடும் என்பது இருசப்பனுக்குத் தெரியும். அவனுக்கு உண்மை எடை வேண்டும். கம்ப்ரசர் சத்தத்தில், அந்தக் காதோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நான் எங்கே கத்திச் சொல்வது? சொல்கிற சமாச்சாரமும் கத்தக்கூடியது இல்லை. அதனால் விரல் காட்டுவேன். பத்து விரலையும் விரித்து மூடிவிட்டு, மேற்கொண்டு ஒன்றோ இரண்டோ. அவன் தலையை ஆட்டுவான். டிரைவர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை. பதினான்கு வருடத்தில் ஒரு வண்டிக்குக்கூட நான் விரல் காட்டத் தவறியதில்லை.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. உப்பளங்களில் வரப்புகள் கரைந்து, பாத்தியெல்லாம் சேறு ஏறிவிட்டது. சரி செய்து உப்பு எடுக்கவே மார்ச் முடிந்துவிட்டது. இழந்ததை எல்லாம் அந்தக் கோடையிலேயே பிடித்துவிட வேண்டும் என்று முதலாளிகள் பறந்தார்கள். பத்து மூட்டை கூட, பதினைந்து மூட்டை கூட என்று லாரியில் ஏற்றினார்கள். இருசப்பன் இறக்கச் சொல்வதும் கூடியது, அவனைத் திட்டுகிறவர்களும் கூடினார்கள்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை, மேடையில் ஒரு வண்டி நின்றது. எடை பதினொன்று காட்டியது. நான் விரல் காட்டினேன். இருசப்பன் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, பாரம் தாங்குகிற ஸ்ப்ரிங் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்தான். ஹோசை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி என் கூண்டுக்கே வந்துவிட்டான். டீக்கடையில் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள்.

"ஏம்பா நடராசா, இது பன்னெண்டு தாண்டும். உன் மேடை தப்பு காட்டுது."

"மேடை எங்கனா தப்பு காட்டுமா? உன் வேலையப் பாரு."

"என் வேலையத்தான் பாக்குறேன். பட்டை சொல்லுது, பன்னெண்டு."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் கொஞ்சம் முன்கோபி. கொஞ்சம் என்பது நான் சொல்வது, வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். படித்தவன், கூண்டுக்குள் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கிறவன், எடை என் வாயிலிருந்து வந்தால்தான் எடை என்ற நினைப்பு எனக்கு. பஞ்சர் ஒட்டுகிறவன் எல்லார் முன்னாலும் வந்து என் மேடை தப்பு என்கிறான். வாய்க்கு வந்தபடி பேசினேன். செவிட்டுப் பயல் என்றும் சொன்னேன். அதுவரை அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை.

அந்த வண்டிக்காரன் சும்மா இருக்காமல் பக்கத்து மேடைக்குப் போய் எடை போட்டுக்கொண்டு வந்தான். பன்னிரண்டு டன் முந்நூறு கிலோ. என் மேடைக்கு அடியில் உப்புச் சேறு ஏறி எங்கோ பிடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து சாயங்காலத்துக்குள் சரி செய்துவிட்டான். ஆனால் டிரைவர்கள் விடுவார்களா?

"நடராசன் அண்ணே, மேடைய பழைய இரும்புக்குப் போட்டுட்டு இருசப்பன் கண்ண ரெண்டையும் புடுங்கி மாட்டிக்குங்க," என்றான் ஒருவன். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. இருசப்பனும் சிரித்தான். அவனுக்குக் காது கேட்டிருக்காது, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்திருப்பான். எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் வண்டி பிரபாகரனுடையது. பிரபாகரன் கூனிமேட்டில் குடியிருந்தான், முப்பத்திரண்டு வயது. விரும்பிக் கட்டிக்கொண்ட மனைவி மேரிசெல்வி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. டயர் ஆறும்வரை முணுமுணுக்காமல் காத்திருக்கிற ஒரே டிரைவர் அவன்தான். அந்த நேரத்தில் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பான், இல்லாவிட்டால் டீயை வாங்கி இருசப்பனுக்குப் பாதி ஊற்றுவான். அன்றைக்குப் போக வேண்டியது பெங்களூர். செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம் வழியாகப் போய்க் கிருஷ்ணகிரியில் பெரிய ரோட்டைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி ஒரு கோடை மழை பெய்திருந்தது. அம்பாரத்தில் இருந்த உப்பு நனைந்து கனத்துவிட்டது. மூட்டைக் கணக்கு வழக்கம்போலத்தான், அதனால் பிரபாகரனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேடை காட்டியது பதினான்கு டன்.

பதினான்கை நான் அங்கே அதற்கு முன் பார்த்ததில்லை. விரல் காட்டியிருந்தால் இருசப்பன் ஹோசைத் தொட்டிருக்க மாட்டான். முப்பது மூட்டையாவது இறக்கு என்று வண்டியைத் திருப்பி விட்டிருப்பான். அதை நன்றாகத் தெரிந்துகொண்டே நான் கையை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருசப்பன் அந்தப் பக்கம் ஹோசோடு நின்று என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். திரும்பினால் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவை எடுத்துச் சீட்டில் ஒன்பது டன் என்று எழுதினேன். அவன் மூன்றாவது தரம் பார்த்தான். நேற்று அவ்வளவு பேசினானே, கண் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இதைச் சொன்னதும் மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பிரபாகரன் சீட்டை வாங்கிக்கொண்டு போனான். இருசப்பன் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கம்ப்ரசர் ஓடியது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே நின்றது. பதினொரு மணி வாக்கில் வண்டி திண்டிவனம் ரோட்டில் திரும்பிப் போனது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கூண்டில் போன் அடித்தது. லாரி முதலாளிதான் பேசினார். செங்கம் தாண்டி மூன்று மணிக்கு டயர் வெடித்து வண்டி புளியமரத்தில் மோதிவிட்டது, பிரபாகரன் அந்த இடத்திலேயே போய்விட்டான் என்றார். போனை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் இருசப்பனின் நல்ல காதுப் பக்கம் நின்று சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"எந்த டயரு?"

"முன்னாடி, எடது பக்கம்."

பஞ்சர் போடுகிற தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் கூடினார்கள். எல்லாரையும் பார்த்து, "காத்து நான் அடிச்சது. கம்மியா அடிச்சிட்டேன். என் தப்பு," என்றான். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தை அவன் ஒரு தரம் பார்த்தான், அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அங்கேயே இடம் இருந்தது. சொல்லவில்லை.

அதோடும் நிற்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள் எடைச் சீட்டின் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் ஒன்பது டன் இருந்தது. பாரம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, டிரைவர் வெயிலில் கண் அசந்திருப்பான் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் சவுகரியமாக முடிந்தது. செத்தவன் பேரில் தூக்கக் குற்றமும், இருசப்பன் பேரில் ஊர்ப் பேச்சும் மிஞ்சின.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இருசப்பன் கூனிமேட்டுக்குப் போய் மேரிசெல்வி காலில் விழுந்தான் என்று கொளஞ்சியம்மாள் சொல்லித் தெரிந்தது.  அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டதாம். அடுத்த வாரம் இருசப்பன் கம்ப்ரசரை ஒருவனுக்குத் தள்ளிவிட்டுக் கடையைக் காலி செய்தான். சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றும்போது நான் கூண்டுக்குள்ளேயே இருந்தேன். ஒரு கை பிடித்து ஏற்றிவிடக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

உப்பளத்தில் கூலிக்குப் போனான். நாற்பத்தாறு வயதில், பழக்கம் இல்லாத உடம்போடு, கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்று பலகையால் உப்பை இழுக்கிற வேலை. இரண்டு மாதத்தில் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது என்றார்கள். மேரிசெல்விக்கும் பிழைப்பு வேண்டியிருந்தது. கொளஞ்சியம்மாள்தான் சொல்லி வைத்து அதே அளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தாள். அப்படி மூன்று பேரும் ஒரே அளத்தில் ஆனார்கள். தினமும் காலையில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் இருசப்பன் வேறு அளத்துக்கு மாறவில்லை. நானோ அவள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவன் இருந்த இடத்தில் புதிதாக ஒருவன் கடை போட்டான். எல்லா வண்டிக்கும் நூறு அடிக்கிற ஆள். என்னிடம் எடை கேட்டதே இல்லை. நான் முதல் நாள் பழக்க தோஷத்தில் விரல் காட்டினேன். என்ன அண்ணே, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டான்.

அடுத்த வருடம், இரண்டாயிரத்து ஆறு ஏப்ரலில், வெளியூர் டிரைவர் ஒருவன் டீக்கடையில் கேட்டான், இங்கே காற்று பார்த்து அடிக்கிற ஒரு காது கேளாதவர் இருந்தாரே, எங்கே என்று. புதுக் கடைக்காரன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அந்தாளா? ஒரு டிரைவர சாவடிச்சிட்டு ஓடிட்டான். பெரிய காத்து டாக்டர் மாதிரி பேசுவான், கடைசில காத்துதான் கம்மி."

டீக்கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாயும் சிரிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனதை நானே உணர்ந்தேன். கிளாசை வைத்துவிட்டு வந்து கூண்டைப் பூட்டினேன். மேடைக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பாதையில் இறங்கினேன்.

இருசப்பன் பாத்திக்குள் நின்று உப்பு இழுத்துக்கொண்டிருந்தான். உடம்பு பாதியாகிவிட்டது. கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தான். அந்த ஒரு வருடத்தில் தலை வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது, அவனுக்கும் எனக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அவனுடைய இடது காதுப் பக்கம் சொன்னேன்.

"இருசப்பா, அன்னிக்கி பதினாலு டன் இருந்துது. நான் வேணும்னேதான் கை காட்டல."

அவன் பலகையை நிறுத்தவில்லை. ஒரு இழுப்பு இழுத்து உப்பை ஓரத்தில் சேர்த்துவிட்டுத்தான் பேசினான்.

"தெரியும்."

"எப்படி?"

"முன் பட்டை வளைவே இல்லாம நேரா படுத்திருந்துது. பதினாலு இருக்கும்னு கண்ணு சொல்லிச்சி. உன்ன மூணு வாட்டி பாத்தேன். நீ காலண்டர பாத்துட்டு இருந்த. சரிடா, மேடைதான் பெருசுன்னு சொன்னல்ல, உன் மேடை சீட்டுல என்னா எழுதி இருக்குதோ அதுக்கே அடிக்கிறேன்னு அடிச்சேன். முன்னாடி தொண்ணூறு. செஞ்சி தாண்டறதுக்குள்ள ஸ்டீரிங் இழுக்கும், திரும்பி வருவான், வந்து உன் சட்டைய புடிப்பான்னு நெனைச்சேன். புடிக்கட்டும்னு இருந்துது எனக்கு."

 ஒரு வருடமாக ஒன்றும் அறியாத ஒரு மனிதனின் மேல் என் பாவத்தை ஏற்றிவிட்டேன் என்று நினைத்துச் செத்துக்கொண்டிருந்தேன். அவன் அறியாதவன் இல்லை. அவனும் நானும் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று ஒரே வீம்பைப் பிடித்திருக்கிறோம். நடுவில் நின்றவன் பிரபாகரன்.

"அப்ப ஏன் என் பேர யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என் பாதி கொறஞ்சிடுமா?"

நான் அழுதேன். அவன் அழவில்லை. பலகைக் கம்பின் மேல் தாடையை ஊன்றிக்கொண்டு தூரத்தில் கூடை சுமக்கிற பெண்களைப் பார்த்தான். அதில் மேரிசெல்வியும் இருந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் முழுசா சொல்லல நடராசா. தெரியாம கம்மியா அடிச்சிட்டேன்னுதான் சொன்னேன். பாத்துட்டே அடிச்சேன்னு சொல்ல வாய் வரல. தெனமும் சொல்லலாம்னுதான் வர்றேன். சாயந்தரம் ஆயிடுது. நீ போய் உன்னுத சொல்லு. சொல்லும்போது என்னுதயும் சேத்து சொல்லிடு."

"நீயும் வாயேன்."

அவன் தலையை ஆட்டினான். காலைத் தூக்கி என்னிடம் காட்டினான், வெடித்துக் கிடந்த குதிகாலை. வர முடியாததற்கு அதுதான் காரணம் என்கிற மாதிரி. அதைக் காரணமாக நானும் ஏற்றுக்கொண்டேன்.

வரப்பு வழியாகத் தனியாகவே போனேன். மேரிசெல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எடைமேடைக்காரர் என்று என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "வாங்கண்ணா," என்றாள். உட்கார இடம் இல்லை. நின்றபடியே சொன்னேன். எடையைச் சொன்னேன், சண்டையைச் சொன்னேன், காலண்டரைப் பார்த்ததைச் சொன்னேன். இருசப்பனின் கண் பார்த்ததையும், அவன் சீட்டுப்படி அடித்ததையும் சொன்னேன். எங்கும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க என்னால் முடியாது.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தலையில் வைக்கிற துணிச் சும்மாட்டைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவரு லாங்கு ட்ரிப்பு போறார்னா எனக்குத் தூக்கமே வராதுண்ணா," என்றாள். "பயமா இருக்குதுன்னு சொல்லுவேன். அதுக்கு அவரு சொல்லுவாரு, மத்த ஊர்ல எவனோ ஒருத்தன் காத்தடிச்சி அனுப்புறான், மரக்காணத்துல ரெண்டு பேரு பாத்து அனுப்புறாங்க, நீ நிம்மதியா தூங்குன்னு. அன்னிக்கும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

சும்மாட்டைத் தலையில் வைத்தாள். குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தவள் அப்படியே நின்று ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"அவரு சொன்னது பொய் இல்லண்ணா. நீங்க ரெண்டு பேருமே பாத்துட்டுத்தான் இருந்திருக்கீங்க."

பக்கத்தில் வந்த பெண் ஒரு கை பிடிக்க, கூடை அவள் தலைக்கு ஏறியது. உப்புத் தண்ணீர் கூடையிலிருந்து அவள் கழுத்து வழியாக ஒழுகியது. வரப்பு ஓர் ஆள் நடக்கிற அகலம்தான், அதை மறித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணா. பின்னாடி கூடை வருது."

நான் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நின்றேன்.